துறைமுகம் இருக்கு, கடலைக் காணோம்

வெளிநாட்டுல படிச்ச காலத்தைப் பத்தி ஆளாளுக்கு எழுதுறீங்க. என் பங்குக்கு ஒரு ஞாயித்துக்கிழமை.

2023 ஜூன். நான் அப்ப ஜெர்மனியில, பிரேமன்ல எம்.எஸ். படிச்சுக்கிட்டிருந்தேன். மாசம் 49 யூரோ கட்டினா நாடு பூரா லோக்கல் ரயில், பஸ்ஸுல ஏறலாம்னு அந்த மே மாசம்தான் புதுசா ஒரு டிக்கெட் வந்திருந்துச்சு. அதை வச்சு ஹாம்பர்க் போயிட்டு வர்றேன்னு வீட்டுல சொன்னேன். அப்பாவுக்குக் கீழமாசி வீதியில ஒரு மளிகை மொத்தக் கடையில கணக்கு வேலை. "பெரிய துறைமுகமாம்ல, கடலை நல்லா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு"ன்னார். மதுரைக்காரங்களுக்குக் கடல்னா ராமேஸ்வரம், இல்லாட்டி தூத்துக்குடி. லீவு போட்டு வண்டி பிடிச்சுப் போய்ப் பாக்க வேண்டியது.

முதல்ல ஆல்டோனா மீன் சந்தை. 1703லேர்ந்து நடக்குதாம். காலையில ஒன்பதரைக்கெல்லாம் மூடிருவாங்க, நான் போய்ச் சேரவே ஒன்பது. அதுவும் நல்லதாப் போச்சு, கடை கட்டுற நேரத்துலதான் கூவல் உச்சத்துக்கு ஏறுது. ஒருத்தர் லாரி மேல நின்னுக்கிட்டு வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாக் கூட்டத்துக்குள்ள வீசுறார். கண்ணை மூடினா மாட்டுத்தாவணி மார்க்கெட், பாஷைதான் வேற. பசிக்கு ஒரு மீன் பன் வாங்கினேன். கடிச்ச பிறகுதான் தெரிஞ்சது, மீனை வேகவே வைக்கலை, உப்புல ஊறப்போட்டது. அயிரைமீன் குழம்புல வளர்ந்த நாக்குங்க. வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்னேன். மிச்சத்தை என்ன செஞ்சேன்னு கேக்காதீங்க.

அடுத்து படகுத்துறை. கரையிலேர்ந்து இறங்குற இரும்புப் பாலம் அம்புட்டுச் சரிவு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கினேன். 62ஆம் நம்பர் படகு, அதுக்கும் அதே டிக்கெட் செல்லும். மேல்தட்டுல நின்னுக்கிட்டு, இப்ப கடல் வரும், இப்ப கடல் வரும்னு பாத்துக்கிட்டே போறேன். ஒரு பக்கம் கன்டெய்னர் கிரேன், மறுபக்கம் மணல்ல குழந்தைங்க விளையாடுது. கடல் வரவேயில்லை. கடைசி நிறுத்தத்துல எல்லாரும் இறங்கிட்டாங்க. மேப்பைப் பாத்தா நான் போனது எல்பே ஆறு. கடல் அங்கேயிருந்து 100 கிலோமீட்டர் சொச்சம்!

திரும்புற வழியில அந்த மணல் கரையில இறங்கினேன். ஒரு பாறை கிடக்கு, 217 டன். 1999ல ஆத்தை ஆழப்படுத்துறப்போ கிடைச்சதாம். எல்லாரும் அதுல சாஞ்சு போட்டோ எடுக்கிறாங்க. யானைமலையைப் பாத்து வளர்ந்த எனக்கு அது கூழாங்கல்.

ஆத்துக்கு அடியில 1911ல போட்ட சுரங்கப்பாதையில நடந்தேன், 426 மீட்டர், உள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. பழைய செங்கல் கிடங்குத் தெருக்கள்ல அப்பா கடை மிளகு வாசம் வருதான்னு மோந்துக்கிட்டே போனேன். அங்க உள்ள மசாலா மியூசியத்துல மட்டும் வந்துச்சு.

நாலு மணி சுமாருக்கு மறுபடி படகுத்துறை. காலையில சரிவா இருந்த பாலம் இப்ப தரை மாதிரி மட்டமா இருக்கு. வேற பாலத்துக்கு வந்துட்டேனோன்னு போர்டைக்கூடப் பாத்தேன். அதேதான். சரின்னு அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "இங்க கடலே இல்லப்பா, வெறும் ஆறுதான்."

பக்கத்து பெஞ்சுல ஒரு பெரியவர். "பிள்ளை, இந்தியாவோ?"

மதுரைன்னேன்.

"கடல் இல்லையெண்டு ஆர் சொன்னது? அது இஞ்ச நாளுக்கு ரெண்டு தரம் வந்திட்டுப் போகுது. காலமை நீங்கள் இறங்கேக்க வத்து, இப்ப பெருக்கு. மூண்டரை மீட்டர் ஏறும். பாலத்தின்ர மற்றத் தலைப்பு மிதவையில எல்லோ நிக்குது, தண்ணியோட அதுவும் ஏறும்."

யாழ்ப்பாணப் பக்கம் பருத்தித்துறைக்காரர். 1985ல வந்தவர். ஞாயித்துக்கிழமையானா கப்பல் பாக்க வந்திருவாராம். வைகை எப்படின்னு கேட்டார். எங்க வைகை கடலைப் பாக்குறதே அபூர்வம்யா, ராமநாதபுரம் பெரிய கண்மாயோட நின்னுரும்னேன். "அப்ப இது மற்றப் பக்கம்"னு சிரிச்சார். பையிலேர்ந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "வடை, சாப்பிடுங்கோ"ன்னு நீட்டினார். வடைன்னு கையில வாங்கினா நம்ம ஊர் தட்டை! சோம்பு வாசம், பல்லுல நொறுங்குது. காலையில கடிச்ச அந்த மீனுக்குப் பிறகு அதுதான் எனக்கு அன்னைக்குச் சாப்பாடு. நாலு தின்னேன், வெக்கமே இல்லாம.

பாலத்தோட போட்டோவையும், தண்ணி விளிம்பு வரை ஏறி நிக்கிற இன்னொரு போட்டோவையும் அப்பாவுக்கு அனுப்பினேன். பெரியவர் சொன்னதையும் டைப் பண்ணினேன். பதில் ஒரே வரி: "அப்ப கடல் தண்ணிதான?"

ஊர் திரும்பி வந்து ஒரு நாள் கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டி மேல அந்தப் போட்டோ பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கு. சரக்கு எடுக்க வந்த உசிலம்பட்டி வியாபாரிகிட்ட அப்பா விளக்கிக்கிட்டிருக்கார், "ஜெர்மனிக் கடல், பொண்ணு எடுத்தது." நான் வாயைத் திறக்கலை.