கருப்பா இருக்கவங்களுக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லையா? கன்னத்துல மங்கு கூடிட்டே போகுது

திருச்சி கவி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 34 வயசு, கலெக்‌ஷன் வேலை, காலைல 10 மணிக்கு ஸ்கூட்டிய எடுத்தா சாயங்காலம் 5 வரைக்கும் ரோட்டுலதான். ரெண்டாவது பொண்ணு பிறந்ததுக்கப்புறம் ரெண்டு கன்னத்துலயும் காப்பி கலர்ல மங்கு விழுந்துச்சு, இந்த சித்திரை வெயில்ல இன்னும் அடர்த்தியாயிடுச்சு. நான் நல்ல கருப்பு. சன்ஸ்கிரீன் வாங்கலாமான்னு கேட்டா "அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு, நம்ம தோலே நமக்குக் குடை"ன்னு வீட்ல சொல்றாங்க. அத்தை எலுமிச்சம்பழத்த வெட்டித் தேய்ச்சா போயிடும்னு சொன்னாங்க, மூணு நாள் தேய்ச்சேன், எரியுது. துப்பட்டா சுத்திக்கிட்டுதான் வண்டி ஓட்டுறேன், அதுக்கு மேல ஏதாவது வேணுமா?

நெல்லை மெடிக்கல்ஸ்:
தங்கச்சி, முதல்ல அந்த எலுமிச்சம்பழத்த நிறுத்தும்மா. சாறு பட்ட இடத்துல வெயில் பட்டா தோல் வெந்து கொப்புளம் வரும், ஆறினாலும் கருப்பு மாசக்கணக்குல போகாது. 16 வருஷமா மருந்துக்கடைல நிக்கிறேன், இப்படி மூஞ்சிய வேக வச்சுட்டு வந்தவங்க நிறைய பேரு.

தோல் குடைன்னு சொல்றது பாதி உண்மை. ரொம்ப கருப்பான தோலுக்கே அது தர்ற பாதுகாப்பு எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டியூப்ல போட்டிருக்குற பாதுகாப்பு நம்பர்) 13 மாதிரிதான்னு ஒரு கணக்கு இருக்கு. அதனாலதான் நமக்கு வெயில்ல தோல் செவந்து உரியறதும் தோல் புற்றுநோயும் வெள்ளைக்காரங்கள விட ரொம்பக் கம்மி. ஆனா மங்கு அப்படியில்ல, தோலுக்குக் கருப்பு நிறம் குடுக்குற மெலனின நிறைய செய்யிற தோல்லதான் அது சீக்கிரம் வரும், அதுவும் வெயில்ல இருக்குற கண்ணுக்குத் தெரியாத யூவி கதிர் மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே நம்ம தோல கருக்க வைக்கும், சாதா சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்த அவ்வளவா தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்து லேசா மண்ணு கலர்ல இருக்குற டின்டட் சன்ஸ்கிரீனா கேட்டு வாங்கு. எஸ்பிஎஃப் 30, தோல செவக்க வைக்கிற யூவிபி கதிர்ல 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டா 98, அவ்வளவுதான் வித்தியாசம், நம்பருக்காக காசக் கொட்ட வேண்டாம். பொட்டு வைக்கிற மாதிரி வச்சா ஒண்ணும் நடக்காது, முகத்துக்கும் கழுத்துக்கும் சேத்து ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கணும், வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும்.

துப்பட்டாவ வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. பின்னாடி விரல் தெரிஞ்சா வெயிலும் உள்ள வருதுன்னு அர்த்தம்.

புதுக்கோட்டை செல்வா:
எங்க அப்பத்தா 80 வயசு வரைக்கும் வயக்காட்டுல நின்னுச்சு, எந்தக் கிரீமும் போடல. வெயில் படலன்னா வைட்டமின் டி எங்கருந்து வரும், இதெல்லாம் கம்பெனிக்காரன் கெளப்பி விடுறது.

டாக்ஸி மகன்:
செல்வா அண்ணே, உங்க அப்பத்தா முக்காடு போட்டுக்கிட்டு, கருக்கல்ல இறங்கி உச்சி வெயிலுக்கு முன்னாடி கரையேறியிருப்பாங்கல்ல? எங்க ஆயா அப்படித்தான். கவி அக்கா சரியா 10 மணிக்குதான் கிளம்புறாங்க.

எங்க அப்பா 22 வருஷம் டாக்ஸி ஓட்டினாரு, ஏசி வண்டி, கண்ணாடி ஏத்தியேதான் இருக்கும். இன்னைக்கு சாப்பிட உக்காந்து இலைக்கு ரெண்டு பக்கமும் கைய வச்சாருன்னா வலது கை வேற ஆளோடது மாதிரி இருக்கும், சுருங்கி, புள்ளி புள்ளியா, ஜன்னல் பக்கம் இருந்த கை அது. சைடு கண்ணாடி யூவிபிய நிறுத்திடும், தோல சுருங்க வைக்கிற யூவிஏ கதிர் உள்ள வந்துடும். வைட்டமின் டி வேணும்னா யூவிபிதான் வேணும், அப்போ கண்ணாடிக்குள்ள உக்காந்தவருக்கு அதுவும் கிடைக்கல, தோலும் போச்சு. 28 வருஷம் வண்டி ஓட்டின ஒரு அமெரிக்க டிரைவரோட இடது கன்னம் மட்டும் தொங்கிப்போன போட்டோ 2012-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்துச்சு, அங்க ஸ்டியரிங் இடது பக்கம். பார்த்ததும் எனக்கு அப்பா கைதான் ஞாபகம் வந்துச்சு.

மதுரை லதா:
கவி, ஒண்ணு மட்டும் கேளுங்க, மங்குன்னு சொன்னதும் கடையில எடுத்துத் தர்ற டியூப வாங்கிடாதீங்க. நான் வாங்கினேன். மூணே வாரத்துல முகம் பளிச்னு ஆச்சு, தெருவே கேட்டுச்சு. நிறுத்தின பத்தாம் நாள் செவந்து எரிஞ்சு, கன்னத்துல நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சுது, பழைய மங்கும் திரும்பி வந்துடுச்சு. அதுல ஸ்டீராய்டு இருந்திருக்கு. 2018-லயே அந்த மாதிரி கிரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு சட்டம் ஆயிடுச்சு, ஆனாலும் கேட்டா குடுக்குற கடை இருக்கு. கருத்தடை மாத்திரை சாப்பிடுறீங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில பேருக்கு அதுலயும் மங்கு கூடும்.

திருச்சி கவி:
அண்ணா, இப்பதான் வாசல்ல நின்னு துப்பட்டாவத் தூக்கிப் பார்த்தேன், அஞ்சு விரலும் தெரியுது, மோதிரம் கூட. நாளைக்கே கெட்டியா கருநீலத்துல ஒண்ணு எடுக்குறேன். லதா அக்கா, மாத்திரை சாப்பிடுறேன், அத இதோட முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்ல. வியாழக்கிழமைக்கு ஸ்கின் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுட்டேன், அவங்க என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதுறேன்.