வெளிநாட்டு பார்ட்டியிடம் மாட்டிய பாக்கி: இங்கேயே கேஸ் போடலாமா?

கேள்வி:
90 நாள் தவணையில் சரக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. மூன்று இன்வாய்ஸில் முதலாவதற்குப் பாதிப் பணம் வந்ததோடு சரி. முதலில் ‘அடுத்த வாரம்’, அப்புறம் ‘பேங்க்கில் சிக்கல்’, இப்போது மெயிலுக்குப் பதிலே இல்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. தனி ஒப்பந்தம் கிடையாது, பர்ச்சேஸ் ஆர்டரும் மெயில்களும்தான். என் ஊர் கோர்ட்டிலேயே கேஸ் போட்டுவிடலாமா?

பழைய கணக்கர்:
போடலாம், எதிர்த்தரப்பு வராவிட்டால் தீர்ப்பும் உங்கள் பக்கம் வரலாம். அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வீர்கள்? பணம் இருப்பது அவர்கள் நாட்டில். அங்குள்ள கோர்ட் உங்கள் தீர்ப்பை ஏற்றால்தான் அவர்கள் கணக்கில் கை வைக்க முடியும், இரண்டு நாட்டுக்கும் ஏற்பாடு இல்லையென்றால் பெரும்பாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சொத்து இருக்கும் இடத்திலேயே வழக்குப் போடுவது மேல்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. ‘இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி’ என்று பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் அனுப்பி, அவர்கள் கணக்குப் பிரிவிடமிருந்து ஒரே ஒரு வரி ‘சரி’ வாங்கப் பாருங்கள். முதலாளி பதுங்குவார், கிளார்க் பதில் போட்டுவிடுவார். பல நாடுகளில் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ பகுதிப் பணம் கட்டினாலோ வழக்குப் போடுவதற்கான காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடும்.

கேட்டவர்:
அனுப்பினேன். பதில் வந்தது, ‘சரக்கில் குறை’யாம்! எட்டு மாதம் கழித்து!!

கப்பல்காரன்:
எல்லோரும் பாடும் பாட்டுதான். இரண்டு நாடும் 1980 வியன்னா விற்பனை ஒப்பந்தத்தில் (நாடு விட்டு நாடு சரக்கு விற்பதற்கான பொது விதிகள்) இருந்தால் 39-ஆவது பிரிவைப் படியுங்கள், குறையைக் கண்டுபிடித்த பிறகு நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் வாங்கியவர் அந்த உரிமையை இழக்கிறார். அடுத்த ஆர்டருக்காவது மத்தியஸ்தத் தீர்ப்பாய ஷரத்து (தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு என்ற நிபந்தனை) ஒன்று சேருங்கள், வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை ஏற்கும் 1958 நியூயார்க் ஒப்பந்தத்தில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால் கோர்ட் தீர்ப்பைவிட நடுவர் தீர்ப்பை அமல்படுத்துவது பொதுவாகச் சுலபம். இப்போதைக்கு, வசூலானால் மட்டும் கமிஷன் கேட்கும் ஏஜென்சி அந்த நாட்டில் கிடைக்கிறதா பாருங்கள். முன்பணம் கேட்டால் யோசியுங்கள். டெலிவரி ரசீதில் கையெழுத்து இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது, தேதியும் இருக்கிறது. ஆனால் இப்போதுதான் கவனித்தேன், சீலில் வேறு கம்பெனி பெயர்.

பழைய கணக்கர்:
அடடா. வக்கீலிடம் போவதற்கு முன் அந்த நாட்டுக் கம்பெனிப் பதிவேட்டில் இரண்டு பெயரையும் தேடுங்கள். ஆர்டர் போட்டது எது, பாதிப் பணம் அனுப்பியது எது என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.