கன்வீனர் என்றால் எல்லாருக்கும் எடுபிடியா?

மாம்பலத்துக்காரர்:

மேற்கு மாம்பலம் பக்கம் ஒரு ஸ்டடி சர்க்கிள் நடத்துகிறோம். வரி ஆலோசகர்கள், கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள், ஆர்டிகிள்ஷிப் முடித்துத் தனியாக இறங்கிய சி.ஏ. பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து ஆளாளுக்கு முழித்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் கூடுவோம், மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப். இந்த வருடம் கன்வீனர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பொறுப்பில் இருப்பவன் முதலில் தொண்டு செய்பவனாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், அதனால் ஹால் சாவி, ப்ரொஜெக்டர், டீ, போண்டா, பேச வருபவருக்கு ஆட்டோ எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி. அன்றைக்கு ராத்திரி போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அதே நாலு பேர் '3பி போகமாட்டேங்குது சார், கொஞ்சம் பாருங்களேன்' என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். என் க்ளையன்ட் வேலை அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. குழந்தைகளுக்காக வேலையை விட்டுவிட்டு இப்போது திரும்பி வந்திருக்கும் ஒரு மேடம், சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தக் கொள்முதல் வரிக்கு எடுத்த ஐ.டி.சி. என்கிற வரிக் கழிவைத் திருப்ப வேண்டுமா, வட்டியும் உண்டா என்று குழுவில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு சீனியர், 'இதுகூடத் தெரியாமலா ப்ராக்டிஸுக்கு வந்தீர்கள்' என்று போட்டார், கூடவே சிரிக்கிற எமோஜி வேறு. அதற்கப்புறம் குழுவில் குட் மார்னிங் படம் தவிர ஒன்றும் வரவில்லை. அந்தச் சீனியர்தான் எங்களுக்கு இலவசமாக ஹால் தருபவர். தொண்டு என்று வந்துவிட்டால் இதையும் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதுதானா?

பெரம்பூர் ரிட்டயர்டு:

ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் சார். போண்டாவை யார் வேண்டுமானாலும் வாங்கி வரலாம். அந்த மேடத்துக்கு நடந்ததைக் கேட்க கன்வீனருக்குத்தான் இடம் இருக்கிறது.

இந்தத் தொண்டுத் தலைமைப் பேச்சுக்கு நிர்வாக உலகில் பிள்ளையார் சுழி போட்டவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்கிற அமெரிக்கர், 1970-ல் எழுதிய ஒரு கட்டுரையில். சாமியார் ஒன்றும் இல்லை, ஏ.டி. அண்ட் டி. டெலிபோன் கம்பெனியில் மேலாளர்களைத் தயார்செய்யும் வேலையில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவர். அவர் வைக்கிற பரீட்சை கறாரானது: உங்களிடம் உதவி வாங்கியவர் வளர்ந்தாரா, சொந்தக் காலில் நிற்கிறாரா, நாளைக்கு அவரும் இன்னொருவருக்கு உதவ வருவாரா? அதோடு, இருப்பவர்களிலேயே கடைசியில் இருப்பவர் இதனால் நன்மை அடைகிறாரா, குறைந்தபட்சம் இன்னும் நசுங்காமலாவது இருக்கிறாரா என்றும் பார்க்கச் சொல்கிறார். உங்கள் நாலு பேரை இதில் நிறுத்திப் பாருங்கள். மாதா மாதம் அதே ஆள் அதே சந்தேகத்தோடு வந்தால் அவர் எங்கே வளர்ந்தார்? உங்கள் தூக்கம் போனதுதான் மிச்சம். கடைசியில் இருப்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேளச்சேரி ஐ.டி.:

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே அலர்ஜி. கம்பெனிகளில் இதைப் போஸ்டராக ஒட்டிவிட்டு டீம் லீடை ராத்திரி பகலாக வேலை வாங்குவார்கள், கேட்டால் 'நீதானே அவர்களுக்குச் சேவை செய்ய வேண்டும்' என்பார்கள். அதிகாரம் மேலே இருக்கும், பாரம் மட்டும் உங்கள் முதுகில். உங்கள் சர்க்கிளிலும் அதேதான்: ஹால் கொடுத்தவருக்கு வாய் இருக்கிறது, உங்களுக்கு வேலை இருக்கிறது. முதலில் வாடகை கொடுத்து வேறு இடம் பாருங்கள். ஓசி இடத்தில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது கஷ்டம்.

அடையாறு சிஸ்டர்:

நான் நர்ஸ், உங்கள் ஜி.எஸ்.டி. எனக்குத் தெரியாது. ஆனால் சென்னையில் தொண்டு என்று பேச்சு வந்தால் எங்களுக்கு டாக்டர் சாந்தா அம்மாதான் ஞாபகம். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் ஆரம்பித்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் அடுத்த வருடமே சேர்ந்தவர், 2021-ல் காலமாகும்வரை அங்கேயேதான். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார் என்பதை மட்டும்தான் எல்லாரும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள், அதைக் கேட்டுவிட்டு நம் ஆட்களும் வீடு வாசலை மறந்து உழைத்தால்தான் தொண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதே இடத்தில் 1984-ல் புற்றுநோய் மருத்துவ மேற்படிப்புக்கென்று தனிக் கல்லூரி வந்ததை யாரும் பேசுவதில்லை. எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் வருகிற நோயாளிகள் எல்லாரையும் ஒருவரே பார்த்துவிட முடியாது என்று தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது.

எங்கள் வார்டில் புதுப் பிள்ளைக்கு ஐ.வி. லைன் போடக் கை நடுங்கும். நல்ல இன்சார்ஜ் சிஸ்டர் ஊசியைப் பிடுங்கித் தானே போட்டுவிட மாட்டார். பக்கத்தில் நின்று, நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, 'ஊசியை இன்னும் கொஞ்சம் படுக்க வைச்சுப் பிடி' என்று மெதுவாகச் சொல்வார். வெளியே வந்தபிறகு அந்தப் பிள்ளையை நாலு பேர் எதிரில் கிண்டல் செய்தவரையும் விடமாட்டார்.

மயிலாப்பூர் ஆடிட்டர்:

எங்கள் சர்க்கிளில் நடைமுறையில் இருப்பதைச் சொல்கிறேன். குழுவில் கேள்வி வந்தால் சாயங்காலம்வரை சீனியர்கள் வாயைத் திறக்கக் கூடாது. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் சட்டப் பிரிவு எண்ணோடு பதில் சொல்ல முயற்சி செய்ய வேண்டும், தப்பாக இருந்தால் அப்புறம் திருத்துவோம். கேள்வி கேட்டவரே அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். ஆரம்பத்தில் சீனியர்களுக்குக் கை அரிக்கும், போகப் போகப் பழகிவிடுவார்கள். 20-ஆம் தேதி சந்தேகங்களைத் தீர்க்க மாதம் ஒருவர் முறை, யாரும் யாருக்கும் தனி மெசேஜ் போடக் கூடாது, எல்லாம் குழுவில்தான். ஒருவர் சந்தேகத்துக்குக் கிடைத்த பதில் இன்னும் நாலு பேருக்கு உதவும்.

சீனியர் விஷயத்தில் எல்லார் முன்னாலும் மோதாதீர்கள். நேரில் போய், காபி குடித்துக்கொண்டே, 'சார், உங்கள் அனுபவம் எங்களுக்கு வேண்டும், ஆனால் அந்த ஒரு வரிக்கு அப்புறம் ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை' என்று நேராகவே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள். வராவிட்டால் வேளச்சேரி நண்பர் சொன்னபடி வேறு ஹால்தான், அதற்குத் தயங்க வேண்டாம்.

முக்கியமாக, அந்த மேடத்தின் கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லையே! ஜி.எஸ்.டி. சட்டத்தில் 16(2) பிரிவு, விதிகளில் 37-ஆம் விதி. கொடுக்காத தொகைக்கு உண்டான ஐ.டி.சி.யைத் திருப்ப வேண்டும், வட்டியும் உண்டு, சப்ளையருக்குப் பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இதை நீங்களே இன்றைக்குக் குழுவில் அவர் பெயரைச் சொல்லி, நல்ல கேள்வி என்று போடுங்கள்.

மாம்பலத்துக்காரர்:

பதில் போட்டுவிட்டேன் சார். 20-ஆம் தேதி முறைக்கு முதல் பெயராக அந்த நாலு பேரில் ஒருவரைத்தான் எழுதப் போகிறேன், என்ன சொல்கிறார் பார்ப்போம். சீனியரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். வேளச்சேரி நண்பர் சொன்னதும் உறைக்கிறது, எதற்கும் தி.நகர், மாம்பலம், அசோக் நகர் சுற்றுவட்டாரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஐம்பது பேர் உட்கார வாடகைக்கு இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

வேளச்சேரி ஐ.டி.:

டியூஷன் சென்டர்களில் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் க்ளாஸ் இல்லாத இடங்களில் மணிக்கணக்கில் தருவார்கள், ப்ரொஜெக்டரும் அங்கேயே இருக்கும். போண்டா மட்டும் உள்ளே விட மாட்டார்கள்.