பெங்களூரு வீட்டில் பிளாஸ்டிக் குறைப்பு: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

அல்சூர்வாசி:

வணக்கம். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கடைக்குத் துணிப்பை எடுத்துக்கொண்டு போவது எங்களுக்கு எப்போதோ பழக்கமாகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்க வரவில்லை. துணிப்பை இருந்தும் உலர்குப்பைச் சாக்கு ஏன் இப்படி நிரம்பி வழிகிறது என்பதுதான் என் கவலை. பால் பாக்கெட், தயிர் பாக்கெட், பருப்பு வந்த கவர், பிஸ்கட் உறை, ஆன்லைனில் காய்கறி வாங்கினால் நாலு பச்சை மிளகாய்க்குக்கூட தனியாக ஒரு கவர், ஹோட்டல் பார்சல் என்றால் சாம்பாருக்கு ஒரு டப்பா, சட்னிக்கு ஒரு டப்பா. இதில் எதை முதலில் நிறுத்தினால் பலன் தெரியும்? மூங்கில் பிரஷ், மக்கும் பை, ஸ்டீல் ஸ்ட்ரா என்று நிறைய விற்கிறார்கள், அதெல்லாம் வாங்க வேண்டுமா?

இன்னொன்று, அடுத்த மாதம் மகளுக்குக் காது குத்துகிறோம். எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில்தான் சாப்பாடு, நூறு பேருக்கு மேல் வருவார்கள். போன தடவை இங்கே நடந்த ஒரு விசேஷத்தில் பாதி குடித்த சின்னத் தண்ணீர் பாட்டில்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்கவில்லை. நம் வீட்டு விசேஷத்தில் அது நடக்கக்கூடாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு தன்னார்வலர்:

சகோதரி, எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்தச் சாக்கை ஒரு தடவை தரையில் கொட்டிப் பாருங்கள். நான் எங்கள் வார்டு உலர்குப்பை மையத்தில் வாராவாரம் பிரித்துக் கொடுக்கப் போகிறவள், யார் வீட்டுச் சாக்காக இருந்தாலும் அதிலிருந்து கொட்டுவது திரும்பத் திரும்ப நாலைந்து பொருள்தான். தினமும் வருவது எது என்று பாருங்கள், அதைப் பிடித்தால் போதும். பிரஷ் சில மாதத்துக்கு ஒன்றுதான் குப்பைக்குப் போகிறது, பால் பாக்கெட் தினமும் வருகிறது. ஸ்ட்ரா வீட்டில் யாரும் பயன்படுத்தாதபோது ஸ்டீல் ஸ்ட்ரா எதற்கு?

பால் பாக்கெட்டுக்கு இங்கே பெரிதாக மாற்று இல்லை, பக்கத்தில் மாட்டுப்பால் பாத்திரத்தில் ஊற்றுகிறவர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அந்தப் பாக்கெட் பாலிஎத்திலீன், சுத்தமாக இருந்தால் மறுசுழற்சிக்கு விலை போகும். வெட்டும்போது மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள், ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டுங்கள். அந்தக் குட்டித் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, நேராகச் சாக்கடைக்கும் அங்கிருந்து ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய்க்கும்தான் போகும். பிறகு பாக்கெட்டை அலசி, கவிழ்த்துக் காயவைத்துச் சாக்கில் போடுங்கள். பால் ஒட்டிய பாக்கெட் ஒன்று போதும், அதே சாக்கில் இருக்கிற காகிதம் முழுக்க நாறிப் போகும், பிரிக்கிற பெண்கள் கையால்தான் அதைத் தொடுகிறார்கள்.

சிப்ஸ், பிஸ்கட் உறைதான் உண்மையான தலைவலி. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்கு உறை அது, பிரித்தெடுக்க முடியாததால் சேர்த்துக் கட்டி சிமெண்ட் ஆலை சூளைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். அதை அலசியும் பயனில்லை, குறைவாக வாங்குவதுதான் வழி. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் முறுக்கோ ரவா உருண்டையோ வீட்டில் செய்தால் அந்த ஒரு வகை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும்.

அப்புறம் குப்பைக்கூடைக்குப் போடுகிற கறுப்புக் கவர். இதை இன்றைக்கே நிறுத்தலாம். இரண்டு கூடை, ஒரு பை (ஈரக்குப்பைக்கும் சுகாதாரக் கழிவுக்கும் தனித்தனிக் கூடை, உலர்குப்பைக்குப் பை) என்ற முறையை 2015-லேயே கர்நாடக உயர் நீதிமன்றம் கட்டாயமாக்கியது, அதில் ஈரக்குப்பைக்குக் கவரே கிடையாது. கூடைக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, குப்பை எடுக்கிற ஆட்டோ டிப்பர் வந்து 'ஹசி கசா' (கன்னடத்தில் ஈரக்குப்பை) என்று கேட்கும்போது அப்படியே கவிழ்த்துவிட்டுக் கழுவி வையுங்கள். மக்கும் பையும் வேண்டாம் என்பேன். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரம் போட்ட பையே உரக்கிடங்கின் சூட்டில்தான் ஒழுங்காக மக்கும், சும்மா 'பயோ' என்று பச்சையில் அச்சடித்து விற்பதை நம்பவே வேண்டாம்.

தூக்குவாளி:

பார்சல் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தனியாக இருப்பவன், வாரத்தில் பாதி நாள் தர்ஷினி (நின்று சாப்பிடுகிற சின்ன ஹோட்டல்) சாப்பாடுதான். மொபைலில் ஆர்டர் செய்யும்போது 'ஸ்பூன் வேண்டாம்' என்று குறிப்பது நல்லது, ஆனால் டப்பா டப்பாவாக வருவது அப்படியே வரும். நடக்கிற தூரத்தில் இருக்கிற கடைக்குத் தூக்குவாளியும் இரண்டு எவர்சில்வர் டப்பாவும் எடுத்துக்கொண்டு நேராகப் போவதுதான் தீர்வு. முதலில் கல்லாவில் சொல்லிவிட வேண்டும், டோக்கன் கிழிக்கும்போதே. பார்சல் கட்டுகிற பையன் சட்னியைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்ட பிறகு டப்பாவை நீட்டினால், அந்தக் கவரிலிருந்து டப்பாவுக்குக் கொட்டிக் கவரைக் கீழே போடுவான், நமக்கு என்ன லாபம்? கூட்டம் அதிகமான காலை எட்டரைக்குப் போகாமல் கொஞ்சம் முன்னே போனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சில கடைகளில் அளவு தெரியாது என்று மறுப்பார்கள், அங்கே உட்கார்ந்தே சாப்பிட்டுவிடுவேன்.

சூடானதைக் கவரில் வாங்குவது குப்பை என்பதோடு நிற்கவில்லை. இட்லித் தட்டில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரித்து வேகவைக்கிறார்கள் என்று ஆய்வில் தெரிந்து, 2025 பிப்ரவரி கடைசியில் கர்நாடக அரசு அதைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். தட்டில் பிளாஸ்டிக் கூடாது என்றால் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றலாமா? பேப்பர் கப்பும் பேப்பர் இல்லை, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கரக்பூர் ஐஐடியில் 2020-ல் செய்த ஆய்வில், அந்தக் கப்பில் 100 மில்லி சூடான திரவத்தை 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கண்டார்கள். நான் கண்ணாடி டம்ளரில் தருகிற கடையில்தான் டீ குடிக்கிறேன், ஆபீஸில் சொந்த டம்ளர் வைத்திருக்கிறேன்.

லிங்கராஜபுரம் மளிகை:

கவர் என்றாலே எல்லாரும் கடைக்காரனைத்தான் திட்டுகிறார்கள், கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். கர்நாடகத்தில் கவருக்கு 2016 மார்ச்சிலேயே தடை. நாடு முழுக்க பிளாஸ்டிக் ஸ்பூன், தட்டு, கப், ஸ்ட்ரா எல்லாம் 2022 ஜூலை 1 முதல் தடை, 120 மைக்ரானுக்குக் குறைவான கனமுள்ள பிளாஸ்டிக் பை அந்த வருடக் கடைசியிலிருந்து தடை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், அதிகாரி வந்தால் அபராதம் கட்டுவதும் நாங்கள்தான். ஆனாலும் கையை வீசிக்கொண்டு வந்து அரைக் கிலோ சர்க்கரை, ரெண்டு எலுமிச்சை, ஒரு சோப்பு கேட்பவரிடம் கவர் இல்லை என்றால், பொருளை மேசையிலேயே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறார். சின்னக் கடை, நாலு பேர் அப்படிப் போனால் அன்றைய வியாபாரம் போச்சு. கவர் தயாரிக்கிற இடத்தில் அடைக்காமல் தெருக்கடையில் வந்து அடைப்பதால் எதுவும் நிற்கப் போவதில்லை, இது என் உறுதியான கருத்து.

துணி மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் சேர்த்து வைக்கிற அந்தக் கலர் கலரான பை, நெய்யாத பை, அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான். கொஞ்ச நாளில் நூல் நூலாக உதிர்ந்துவிடும். அதைத் துணிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது அக்கா. மாதச் சாமான் பட்டியலை முந்தின நாளே கொடுத்து, டப்பாக்களையும் கொடுத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, ரவை, சர்க்கரை எங்களுக்கு மூட்டையில்தான் வருகிறது, நாங்கள்தான் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கவரில் கட்டி வைக்கிறோம். கட்டுவதற்கு முன்னால் டப்பா கைக்கு வந்தால் காலி டப்பாவை எடை போட்டுக் கழித்துவிட்டு அதிலேயே அளந்து போடுவோம். கூட்ட நேரத்தில் வந்து டப்பாவை நீட்டினால்தான் கஷ்டம். எண்ணெய்க்கும் அதேதான், செக்கு எண்ணெய்க் கடையில் தூக்கு கொண்டுபோனால் ஊற்றித் தருவார்கள்.

டெல்லியில் இருந்தவர்:

பால் பாக்கெட்டுக்குப் பெரிதாக மாற்று இல்லை என்று மேலே எழுதியிருக்கிறார்கள், அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. டெல்லியில் மதர் டெய்ரி பூத்துகளில் டோக்கன் போட்டால் இயந்திரத்திலிருந்து நம் பாத்திரத்திலேயே பால் கொட்டும். 1970-களிலிருந்து நடக்கிற முறை, பாக்கெட் பாலைவிட விலையும் குறைவு. ஆர்.கே.புரத்தில் இருந்தபோது நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் காலையில் தூக்கோடு அந்த வரிசையில்தான் நிற்கும். ஒரு பெருநகரத்துக்கே கவர் இல்லாமல் பால் ஊற்ற முடியும் என்று கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இங்கே நம் குடியிருப்புச் சங்கங்கள் சேர்ந்து பால் கூட்டமைப்பிடம் இதைக் கேட்க வேண்டும். பாக்கெட்டை அலசிக் காயவைப்பது தேவைதான், அதோடு நின்றுவிட்டால் நம் பேரப்பிள்ளைகளும் அலசிக்கொண்டே இருப்பார்கள்.

அல்சூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. மளிகை அண்ணா சொன்ன டப்பா யோசனை மாமியாருக்கு உடனே பிடித்துவிட்டது, அவர் காலத்தில் அப்படித்தானாம். ஈரக்குப்பைக் கவரை இன்றே நிறுத்திவிட்டோம். காது குத்து பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே? சமையல்காரர் 'பேப்பர் தட்டு போட்டால் வேலை சுலபம், ஆள் குறையும்' என்கிறார்.

வார்டு தன்னார்வலர்:

சமையல்காரர் சொல்வதில் பாதி சரி, வாழை இலை போட்டாலும் டம்ளரும் கிண்ணமும் கழுவ ஆள் வேண்டும். அதனால் முதலில் பாத்திரம் கழுவ இரண்டு பேரைப் பேசி முடியுங்கள், இதை விட்டுவிட்டுத்தான் நிறைய வீடுகளில் கடைசி நேரத்தில் பேப்பர் தட்டு வாங்குகிறார்கள். இலை கே.ஆர். மார்க்கெட்டில் மொத்தமாகக் கிடைக்கும், சாப்பிட்டு முடித்த இலை ஈரக்குப்பையில் போகும். உட்கார இடம் போதாமல் நின்று சாப்பிட வேண்டியிருந்தால் எவர்சில்வர் தட்டு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், அதம்ய சேதனா அமைப்பு இங்கே தட்டு வங்கி நடத்துகிறது, விசேஷங்களுக்குத் தட்டும் டம்ளரும் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தேதியைச் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள், முகூர்த்த நாள் என்றால் கிடைக்காது. தண்ணீருக்கு 20 லிட்டர் கேன், குழாய் வைத்த பெரிய டிரம், பந்திக்கு இரண்டு பிள்ளைகள் ஜக்கோடு. சமையல்காரர் தானாக பாட்டில் பெட்டி இறக்கிவிடுவார், ஒப்பந்தம் பேசும்போதே வேண்டாம் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.