குடிமராமத்து பற்றிய ஆய்விதழ்க் கட்டுரைகள்: தேடல் உதவி வேண்டும்

வணக்கம். செங்கல்பட்டு வட்டார ஏரிகளின் குடிமராமத்து, அதாவது ஊர்மக்களே கூடி ஏரி, வாய்க்கால்களைப் பராமரிக்கும் வழக்கம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1858 கட்டாய உழைப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வழக்கம் எப்படி மாறியது என்பதே என் தலைப்பு. நூலகத்தின் இணையத் தரவுத்தளத்தில் மூன்று வாரமாகத் தேடுகிறேன். உருப்படியாகக் கிடைத்தவை நான்கே கட்டுரைகள்.

ஏரிக்கு ஆங்கிலத்தில் 'டேங்க்' என்று போட்டால் போர் டாங்கியும் மீன்தொட்டியும் வந்து கொட்டுகின்றன. 'டேங்க் இரிகேஷன்' என்று மேற்கோள் குறிக்குள் இட்டதும் கொஞ்சம் தெளிந்தது. சரி, 'மெட்ராஸ்' சேர்த்தேன், ஆய்வுச்சுருக்கத்தில் மட்டும் தேடினேன். அப்புறம்தான் எழுத்துக்கூட்டல் சிக்கல் புரிந்தது. ஆங்கிலத்தில் குடிமராமத்தை ஒருவர் ஒற்றை 'டி'யில் முடிக்கிறார், இன்னொருவர் 'எச்' சேர்க்கிறார். செங்கல்பட்டு பழைய கட்டுரைகளில் 'சிங்கிள்புட்'. கையில் அச்சுப்படியாக இருக்கும் கட்டுரை ஒன்றின் தலைப்பை அப்படியே தட்டினால் வருகிறது. என் தேடுசொற்களுக்கு வருவதில்லை. இப்படி இன்னும் எத்தனை தப்பிப்போகின்றனவோ என்பதுதான் கவலை. சொல்லின் ஈறு எப்படியிருந்தாலும் பிடிக்கும் நட்சத்திரக் குறியும் போட்டேன், மேற்கோளுக்குள் அது எடுபடவில்லை.

இத்தனை எழுத்துக்கூட்டல்களையும் ஊர்ப்பெயர்களையும் ஒரே தேடலில் பிடிக்க தேடுசொற்களை இணைக்கும் 'ஆர்' (அல்லது), 'ஆண்ட்' (மற்றும்), அடைப்புக்குறி மூன்றையும் எப்படி அடுக்க வேண்டும்?