கியர்பாக்ஸ் பேரிங்கைக் கழற்ற எந்தப் புல்லர் சரி?

வணக்கம் நண்பர்களே. என் காரின் 5 கியர் மேனுவல் கியர்பாக்ஸை முதன்முறையாக நானே பிரித்திருக்கிறேன். மூன்றாவது கியருக்கு மாற்றும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது. கியர் மாறும்போது கியரின் வேகத்தையும் ஷாஃப்ட்டின் வேகத்தையும் ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையத்துக்கும் கியருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்தேன். சர்வீஸ் மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவுகூட இல்லை. வளையத்தை மாற்றியே தீர வேண்டும்.

அதை எடுக்க, ஷாஃப்ட்டின் முனையில் இறுகியிருக்கும் பேரிங் முதலில் வெளியே வர வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என்னிடம் இருக்கும் மூன்று கால் புல்லர் பேரிங்கின் வெளி வளையத்தைத்தான் பிடிக்கிறது. அப்படி இழுத்தால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும். உள் வளையத்தைப் பிடிக்கலாம் என்றால், கால் நுழைய இடமே இல்லை. சுத்தியலால் தட்டினால் வந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். கடினப்படுத்திய எஃகை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. சில்லு தெறித்தால் கண் போய்விடும். அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

பேரிங்கின் அடியில் இரு பக்கமும் நுழைத்துப் பிடிக்கும், மெல்லிய விளிம்புள்ள பேரிங் ஸ்பிளிட்டரை வாடகைக்கு எடுத்தால் போதுமா, ஹைட்ராலிக் பிரஸ் கட்டாயமா? பிரஸ் என்றால், கியரின் அடியில் தாங்கல் கொடுத்து ஷாஃப்ட்டைத் தள்ளலாமா? புதிய பேரிங்கைச் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஏற்றலாம் என்றிருக்கிறேன். எண்ணெயில் சூடாக்குவது நல்லதா, அடுப்பிலா? கைப்பட இந்த வேலையைச் செய்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை ஷாஃப்ட்டைத் தொடப் போவதில்லை.