நுரையீரல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இருமலை அடக்கலாமா?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்):

என் தந்தைக்கு வயது 64. புதுச்சேரியில் அவருக்கு வலது நுரையீரலின் கீழ்மடலை அறுவைச் சிகிச்சை செய்து நீக்கி, சென்ற வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி இருமலை அடக்கிக்கொள்கிறார். சிறுநீரகம் கெட்டுவிடும் என்று வலி மாத்திரையையும் ஒதுக்குகிறார். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவி அலமாரியில் கிடக்கிறது. இருமல் நிற்க மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கலாமா? மார்பில் சளி கட்டித் தொற்று வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் 1 (இயன்முறை மருத்துவர், புதுச்சேரி):

மருத்துவர் சொல்லாமல் இருமலை அடக்கும் சிரப் எதையும் கொடுக்காதீர்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கு நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றுப்பைகள் சுருங்கிவிடுகின்றன. அங்கே தேங்கும் சளியில் கிருமிகள் பெருகித்தான் நிமோனியா வருகிறது. அந்தச் சளியை வெளியேற்றும் வழி இருமல்தான்.

ஆகவே முதலில் வலியைக் கவனியுங்கள். வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே வகையல்ல; சிறுநீரகத்தைப் பற்றிய அச்சத்தை மருத்துவரிடமே சொன்னால் பொருத்தமானதை எழுதித் தருவார். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து, நிமிர்ந்து உட்காரவைத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். கருவியைப் பலர் ஊதிப் பார்த்துவிட்டு, பந்து எழவில்லை, பழுதாகிவிட்டது என்கிறார்கள். உள்ளே உறிஞ்சினால்தான் பந்து எழும். மெதுவாக இழுத்து, இரண்டு மூன்று விநாடிகள் நிறுத்தி, பிறகு விடவேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து மூச்சு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தலை சுற்றினால் இடைவெளி விடுங்கள். இருமும்போது மடித்த துண்டையோ சிறு தலையணையையோ காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல், வாயைத் திறந்து ‘ஹா’ என்று வேகமாக மூச்சை வெளியேற்றினாலும் சளி மேலே வரும்.

பதில் 2 (லாஸ்பேட்டை, புதுச்சேரி):

என் அம்மாவுக்கும் இதே சிகிச்சை நடந்தது. வீட்டில் சாம்பிராணியையும் கொசுவத்தியையும் நிறுத்தினோம். நலம் விசாரிக்க வந்தவர்களில் சளி, காய்ச்சல் உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதில் சிலருக்கு மனவருத்தம்தான், பரவாயில்லை. படுத்தபடி சாப்பிட விடவில்லை. காலையும் இரவும் பல் துலக்கவைத்தோம். முதலில் கூடத்திலேயே நடந்தார். பிறகு, மாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனோம்.

பதில் 3 (செவிலியர், கடலூர்):

மேலே சொன்னவை சரியே. தந்தைக்குப் புகைப்பழக்கம் இருந்திருந்தால் இனி ஒன்றுகூட வேண்டாம். ஃப்ளூ காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்பதை அடுத்த பரிசோதனையின்போது கேளுங்கள். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, காயத்தில் சீழ் கசிந்தாலோ அன்றே அறுவைச் சிகிச்சை செய்த குழுவைத் தொடர்புகொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.